லாகோஸ்ல உக்காந்துட்டு நைஜீரியா பாத்தேன்னு சொல்லிட்டிருந்தவனோட கலாபார் டைரி

முதல் நாள், ஞாயிறு

லாகோஸ் வந்து ஆறு வருஷம் முடிஞ்சிருச்சு. இந்த ஆறு வருஷத்துல நான் பாத்த நைஜீரியா என்னன்னு கேட்டா ஆபீஸ், காம்பவுண்டு, நடுவுல ரெண்டு மணி நேர ட்ராஃபிக், சனிக்கிழமை இந்தியன் ஸ்டோர்ல வாடிப்போன முருங்கைக்காய், அவ்ளோதான். ஆனா ஊர்லருந்து யாராச்சும் போன் பண்ணி "அங்கெல்லாம் எப்படி"ன்னு கேட்டா நாட்டையே நடந்து அளந்தவன் மாதிரி அரை மணி நேரம் பேசுவேன்.

எங்க குடோன்ல வேலை பாக்குற எஃபிக் பையன் ஒருத்தன் (எஃபிக்ங்கிறது அங்க ஒரு இனம், அவங்க பாஷைக்கும் அதே பேரு), சொந்த ஊர் நைஜீரியாவோட தென்கிழக்கு மூலையில இருக்குற கலாபார், ஒரு நாள் மதியம் என் தயிர்சாத டப்பாவை எட்டிப் பாத்துட்டு "ஓகா, நீங்க இன்னும் நைஜீரியாவுல சாப்பிடவே ஆரம்பிக்கல"ன்னான். (ஓகான்னா முதலாளி, பாஸ், அண்ணாச்சி எல்லாம் சேர்ந்தது.) அது என்னமோ முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு. நவம்பர் கடைசியில ஒரு வாரம் லீவு சேர்ந்தாப்ல கிடைச்சதும் டிக்கெட் போட்டுட்டேன். அவனுக்கு லீவு கிடைக்கல, பாவம், ஆனா அவங்க அம்மா நம்பரும், கார் வெச்சிருக்க சித்தப்பா நம்பரும் குடுத்து அனுப்புனான். லாகோஸ்ல நம்ம ஆளுங்ககிட்ட சொன்னப்ப "கலாபாரா, அங்க என்ன இருக்கு"ன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. கேட்டவங்க ஒருத்தர்கூட போனதில்ல.

காலைல ஒம்பது மணி ஃப்ளைட் மத்தியானம் ரெண்டுக்குக் கிளம்புச்சு, அது இங்க செய்தியே இல்ல விடுங்க. ஏறி ஒரு மணி நேரத்துல எறங்கியாச்சு. மேலருந்து பாத்தா நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுற ஆறு, ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு, பிச்சாவரத்தை நூறு மடங்கா இழுத்து விட்டா எப்படி இருக்கும் அப்படி. ஏர்போர்ட்டுக்கு மார்கரெட் எக்போன்னு ஒரு பெண் தலைவர் பேரு, மார்க்கெட்டுப் பொம்பளைங்களைத் திரட்டி அரசியலுக்குக் கொண்டுவந்தவங்க. சர்வதேச ஏர்போர்ட்டுக்கு ஒரு பொம்பளையாள் பேரை வெச்ச ஊர்னதும் எனக்கு அங்கயே ஒரு மரியாதை வந்துருச்சு.

சித்தப்பா வெளிய நின்னாரு. அறுபது வயசு இருக்கும், வெள்ளை லுங்கி மாதிரி ஒண்ணைச் சுத்தி மேல முழுக்கை சட்டை போட்டுருந்தாரு. எஃபிக்ல வயசுல பெரிய ஆம்பளையை எத்தேன்னு கூப்பிடணும், பொம்பளையை ம்மான்னு கூப்பிடணும், ரெண்டாவது எனக்குப் பாடமே தேவைப்படல பாருங்க. அவரு எடுத்த எடுப்புல சொன்ன முதல் விஷயம், வீட்டுக்கு இப்ப போக முடியாது, ரோட்டை அடைச்சுட்டாங்க. டிசம்பர் கார்னிவலுக்கு ஒத்திகை நடக்குது. ஒத்திகைக்கே ஊர் பாதி தெருவுல நிக்குது, ட்ரம்பெட், மேளம், லாரி மேல ஸ்பீக்கர், பசங்க பொண்ணுங்க வயசானவங்கன்னு கலர் கலரா டீசர்ட்டுல ஆடிக்கிட்டே கிலோமீட்டர் கணக்குல நடக்குறாங்க, நான் பெட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னேன். கடைசியில காரை அங்கயே விட்டுட்டு ஒரு கெகே பிடிச்சோம். கெகேன்னா நம்ம ஆட்டோதான், பேருக்கு இல்ல, நிஜமாவே நம்ம ஆட்டோ, முன்னாடி டிவிஎஸ்னு எழுதியிருந்துச்சு. ஓசூர்காரன் வண்டியில கலாபார் தெருவுல போறேன்னு டிரைவர்கிட்ட சொன்னேன், "ஓகா, வெரி ஸ்ட்ராங் மெஷின்"னு ஹேண்டில்பாரைத் தட்டிக் குடுத்தாரு, என்னமோ நான் செஞ்சு அனுப்புன மாதிரி எனக்கும் ஒரு பெருமை.

ராத்திரி சாப்பாடு எடிகாங் இகோங். ரெண்டு கீரை, ஒண்ணு உகுன்னு பூசணி வகை இலை, இன்னொண்ணு வாட்டர்லீஃப், அது நம்ம சிலோன் பசலைதான். பொட்டுத் தண்ணி ஊத்தாம, கீரை விடுற தண்ணியிலயே செம்பனை எண்ணெய், கூனிப்பொடி, கருவாடு, இறைச்சி எல்லாம் போட்டு வதக்குறது. பக்கத்துல மரவள்ளி மாவுல பிசைஞ்ச உருண்டை. இந்த உருண்டை வகையறாவுக்கெல்லாம் நைஜீரியா முழுக்க ஒரே பேரு, ஸ்வாலோ, அதாவது முழுங்கு, மெல்லக்கூடாது. தர்மபுரிப் பக்கம் கேப்பைக்களி சாப்பிட்டவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ரெண்டாம் நாள், திங்கள்

காலைல ஆறரைக்கு ம்மா (பையனோட அம்மாதான்) கதவைத் தட்டுனாங்க, வாட் மார்க்கெட்டுக்குப் போகணும், இன்னிக்கு எக்பாங்னு சொல்லிட்டாங்க. நைஜீரியா முழுக்க கலாபார் பொம்பளைங்க சமையலைப் பத்தி ஒரு கிண்டல் உண்டு, ஒருதரம் அவங்க கையால சாப்பிட்ட மாப்பிள்ளை அப்புறம் சொந்த வீட்டு வழியையே மறந்துருவான்னு. ம்மாகிட்ட இதைச் சொன்னா சிரிக்கல, ஆமா, அதுல என்னங்கிற மாதிரி பாத்தாங்க.

மார்க்கெட்டுல என்னை அசத்துனது கீரை நறுக்குற பொம்பளைங்கதான். பலகை கிடையாது, அருவாமனை கிடையாது. ஒரு கட்டு உகுவை இடது கையில சுருட்டு மாதிரி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வலது கையில நீளமான கத்தியால விரல் நுனிக்கு நூலளவு தள்ளி சரக் சரக்குனு சீவுறாங்க, கீழ பேசின்ல பச்சை நூலா வந்து விழுது, கண்ணு கீரை மேல இல்ல, பக்கத்துக் கடைக்காரிகூட சண்டை ஓடுது. அடுத்த வரிசையில கருவாடு. அதுல விறகுக்கட்டை மாதிரி ஒண்ணைத் தட்டிக் காமிச்சாங்க, டொக்குனு சத்தம், நார்வேலருந்து வர்ற காட் மீனாம், உப்பே போடாம குளிர்காத்துல காஞ்சது. கூனி மூட்டை மூட்டையா, வாசனை அப்படியே எங்க ஊர் சந்தை. ஒரு சின்னக் கடை வாசல்ல 404ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு, என்னன்னு கேட்டேன், நாய்க்கறிக்கு இங்க அதான் பேராம், பழைய பெஜோ 404 கார் மாதிரி ஓட்டமா ஓடும்கிற கணக்குல. வேண்டாம்மா, நம்ம எக்பாங்குக்கே போவோம்னு கும்பிட்டேன்.

எக்பாங் என்குக்வோ. முழுப்பேரு இதான். சேப்பங்கிழங்கு வகையில ஒண்ணையும் தண்ணிக்கிழங்கையும் (இதுவும் வள்ளி வகைதான்) துருவணும், இதுல ஏமாத்து வேலை கிடையாது, மிக்ஸியில போட்டா பசை ஆகிருமாம். துருவுனா கை அரிக்கும், எனக்கு அரிச்சுச்சு, ம்மா ஒரு கரண்டி செம்பனை எண்ணெயை உள்ளங்கையில ஊத்தித் தேய்ச்சு விட்டாங்க. அப்புறம் சேம்பிலையோட இளங்குருத்தைக் கிழிச்சு, கட்டைவிரல் அளவு மாவை வெச்சு, பீடி சுத்துற மாதிரி ஒரே உருட்டு. அவங்க பத்து சுத்துற நேரத்துல நான் ஒண்ணு சுத்துனேன், அதுவும் அவிழ்ந்துருச்சு. சட்டியில அடியில எண்ணெய் தடவி, வால் நறுக்குன நத்தைங்களை ஓட்டோட பரப்பி (கடல் ஓரத்து ஊமச்சி மாதிரி, கூர்மையா இருக்கும்), அதுக்கு மேல சுருட்டுங்களை அடுக்கி, கொதிக்கிற தண்ணியை ஊத்தி மூடிட்டாங்க. நான் கரண்டியை எடுத்தேன், கையில ஒரு அடி. தண்ணி வத்தி சுருட்டு இறுகுற வரைக்கும் கரண்டி உள்ள போகக்கூடாது, போனா கூழ். வத்துனதுக்கப்புறம்தான் எண்ணெய், கூனிப்பொடி, மிளகாய், கருவாடு, வாசனை இலை எல்லாம்.

சாப்பிடும்போது அந்த நத்தையை வாயில வெச்சு ஓட்டோட ஒரு உறிஞ்சு உறிஞ்சணும். எனக்கு வரல. ம்மாவோட பேத்திக்கு அஞ்சு வயசு இருக்கும், என் தட்டுல இருந்து ஒண்ணை எடுத்து ஸ்ஸுப்புனு காமிச்சுட்டு காலி ஓட்டைத் திருப்பி என் தட்டுலயே வெச்சுட்டுப் போகுது.

இப்படிச் சாப்பிட்டுட்டு மத்தியானம் அடிமை வரலாற்று மியூசியத்துக்குப் போனது தப்பான வரிசைதான். ஆத்தங்கரையில மரீனாவுல இருக்கு. இந்த ஆத்து வழியாத்தான் ரெண்டு நூத்தாண்டுக்கு மேல சங்கிலியில கட்டிக் கப்பலேத்துனாங்க. உள்ள வளையல் மாதிரி வளைச்ச பித்தளைக் காசு, சங்கிலி, பொம்மை வெச்சு செஞ்ச காட்சிகள். பொம்மைங்களைவிட எனக்குள்ள இறங்குனது வேற ஒரு விஷயம். அன்ட்டேரா டியூக்னு இந்த ஊர் எஃபிக் வியாபாரி ஒருத்தர் 1785லருந்து 1788 வரைக்கும் டைரி எழுதியிருக்காரு, உடைஞ்ச வியாபார இங்கிலீஷ்ல. ஒரிஜினல் ரெண்டாம் உலகப்போர் குண்டுவீச்சுல போயிருச்சு, அதுக்கு முன்னாடி அதைப் பாத்து எழுதி வெச்ச பகுதிங்கதான் மிச்சம். காலைல எத்தனை மணிக்கு எந்திரிச்சேன், மழை பெஞ்சுச்சா, யார் வீட்டு விருந்து, எந்தக் கப்பல் எத்தனை பேரை ஏத்திக்கிட்டுக் கிளம்புச்சு, எல்லாம் ஒரே குரல்ல வரும். வெளிய வந்து படியில உக்காந்து நானும் போன்ல டைரி டைப் பண்றேன், காலைல என்ன சாப்பிட்டேன், வெயில் எப்படின்னு. கொஞ்ச நேரம் டைப் பண்ண முடியல.

எத்தே பக்கத்துல நின்னு ஆத்தையே பாத்துட்டிருந்தாரு. "வித்தவங்கள்ல எங்க ஆளுங்களும் இருந்தாங்க"ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு மேல நான் எதுவும் கேட்கல.

மூணாம் நாள், செவ்வாய்

வடக்க பொறப்பட்டோம். ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன், எத்தே போட்ட கண்டிஷன், பகல்ல மட்டும்தான் வண்டி ஓடும், பொழுது சாயுறதுக்குள்ள எங்க இருக்கமோ அங்க படுக்கணும். ஆள் கடத்தல் பயம் இந்த நாட்டுல நிஜம், அதை மறைச்சு ஆஹா ஓஹோன்னு எழுதுறது தப்பு.

அகாம்ப்பா தாண்டுனா ரெண்டு பக்கமும் மழைக்காடு, க்ராஸ் ரிவர் நேஷனல் பார்க்கோட தெக்குப் பகுதி. ரோடு நல்லா இருக்குற இடத்துல நல்லா இருக்கு, இல்லாத இடத்துல குழிக்கு நடுவுல ரோட்டைத் தேடணும். செக்போஸ்ட்டு எத்தனைன்னு பன்னெண்டு வரைக்கும் எண்ணுனேன். ஒரு எடத்துல குனிஞ்சு என்னைப் பாத்துட்டு "இந்தியா! எங்களுக்கு என்ன கொண்டாந்த"ன்னாரு ஒருத்தர், எத்தே எஃபிக்ல என்னமோ சொன்னாரு, அவரு விழுந்து விழுந்து சிரிச்சு கயித்தை இறக்கிட்டாரு. என்ன சொன்னீங்கன்னு நாலு தடவை கேட்டுட்டேன், இன்னும் சொல்ல மாட்டேங்குறாரு.

இக்கோம் கிட்ட கொக்கோ தோட்டம், ரோட்டோரமெல்லாம் தார்ப்பாய் விரிச்சு கொட்டை காயப்போட்டிருக்காங்க, சாக்லேட் வாசனை வரும்னு நினைச்சா புளிச்ச வாசனைதான் வருது. அங்கருந்து அலோக்னு ஒரு கிராமம். நான் இந்தப் பயணத்துக்கே முக்கியமா நினைச்சது இதைத்தான்.

மரத்தடியில வட்டமா கல்லுங்க நிக்குது. கருங்கல், சிலது இடுப்பு உசரம், சிலது ஆள் உசரம். கிட்ட போனாத்தான் தெரியுது, ஒவ்வொண்ணுக்கும் முகம் இருக்கு. உருண்டைக் கண்ணு, திறந்த வாய், தாடி, கன்னத்துல கோடு, கீழ தொப்புள் மட்டும் பொடைச்சுக்கிட்டு. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி வட்டம் வட்டமா முந்நூறு கிட்ட இருக்குன்னு 1960கள்ல ஃபிலிப் அலிசன்னு ஒருத்தர் கணக்கெடுத்தாரு. சிலதைத் திருடிட்டுப் போய் வெளிநாட்டுல வித்துட்டாங்க, காட்டுக்குத் தீ வெச்சு விவசாயம் பண்றப்ப சூட்டுல சிலது வெடிச்சிருக்கு. இதை அக்வான்ஷின்னு சொல்றாங்க, மண்ணுக்குள்ள இருக்குற செத்தவங்கன்னு அர்த்தம். எனக்கு டக்குனு எங்க ஊர் கம்மாக்கரை நடுகல்தான் ஞாபகம் வந்துச்சு, சந்தனம் வெச்சு மாலை போட்டு, யாருன்னு யாருக்கும் தெரியாது, ஆனா தாண்டிப் போகையில செருப்பைக் கழட்டுவோம். இங்கயும் புதுக்கிழங்கு அறுப்புத் திருவிழாவுக்குக் கல்லுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பாங்களாம், ஒரு கல்லு கன்னத்துல பழைய வெள்ளையும் நீலமும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

சுத்திக் காமிச்ச பெரியவர் மண்ணுல குச்சியால ஒரு குறி போட்டாரு. என்சிபிடின்னு இந்தப் பக்கத்துச் சித்திர எழுத்து, வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது, எக்பேன்னு ஒரு சிறுத்தைச் சங்கம் இருக்கு, அதுக்காரங்க ரகசியமா வெச்சிருந்ததும் இதுல நெறைய. ரெண்டு வளைவு ஒண்ணையொண்ணு ஒட்டி நின்னா புருஷன் பொண்டாட்டி. அந்த ரெண்டுக்கும் நடுவுல தலையணை வந்துருச்சுன்னா சண்டை. நான் சிரிச்ச சிரிப்புல அவருக்கும் சந்தோஷம், "உங்க ஊர்லயும் தலையணைதானா?"ன்னாரு. இதே எக்பே சங்கம் அடிமையா போனவங்களோட கடல் தாண்டி கியூபாவுல 1836ல அபக்குவான்னு மறுபடி முளைச்சு இன்னிக்கும் அங்க இருக்கு, நினைச்சுப் பாருங்க, எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டு அனுப்புனவங்களால இதைப் பிடுங்க முடியல.

கிளம்பும்போது பெரியவர் கேட்டாரு, நீ இந்தியாவுல எந்தப் பக்கம். தெக்குன்னேன். எழுபதுகள் கடைசியில அவருக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தது ஒரு இந்திய வாத்தியாராம். அப்ப நம்ம ஊர்லருந்தும் கேரளாவுலருந்தும் ஏகப்பட்ட பேர் வாத்தியார் வேலைக்கு இங்க வந்தாங்க, தெரியும்ல. பேரு மறந்துருச்சாம், "ஆனா சாக்பீஸ் எறிஞ்சா குறி தப்பாது"ன்னு நெத்தியைத் தடவிக்கிட்டாரு.

நாலாம் நாள், புதன்

நேத்து ராத்திரி எத்தே "நாளைக்கு சாயங்காலம் ஸ்வாலோ பாக்கப் போறோம், மலை ஏறணும்"னாரு. களி உருண்டை சாப்பிட எதுக்கு மலை ஏறணும்னு யோசிச்சுக்கிட்டே தூங்கிட்டேன். அது பறவை. தகைவிலான் குருவி. இங்கிலீஷ்ல அதுக்கும் ஸ்வாலோதானேன்னு காலைலதான் உறைச்சுது, எத்தேகிட்ட சொன்னதும் வண்டியை ஓரங்கட்டிட்டு சிரிச்சாரு.

அதுக்கு முன்னாடி அஃபி மலை. புவாஞ்சோர் கிராமத்துக்கு மேல ட்ரில் ராஞ்ச். ட்ரில்னா ஒரு குரங்கு, உலகத்துலயே இந்தப் பக்கம், ஒட்டி இருக்குற கேமரூன் மூலை, பியோக்கோ தீவு, இவ்ளோதான் அதோட நாடு. கறிக்காக வேட்டையாடி அழிச்சதுல மிஞ்சுன அநாதைக் குட்டிங்களை எடுத்து வளர்த்து, இப்ப நூத்துக்கணக்குல பெருகி, காட்டையே வளைச்சு சோலார் கரண்டு வேலி போட்டு உள்ள கூட்டம் கூட்டமா இருக்கு. ஆண் குரங்கு பெண்ணைவிட ரெண்டு மடங்குக்கு மேல பெருசு, முகம் தார் பூசுன மாதிரி கருப்பு, கீழ் உதட்டுக்குக் கீழ ஒரு செவப்புக் கோடு, பின்பக்கம் நீலம் ஊதா ரோஸ்னு எந்தக் கோயில் கோபுரத்துலயும் இல்லாத பெயிண்ட். ஒண்ணு வேலிகிட்ட வந்து என்னைப் பாத்துப் பல்லை இளிச்சுது, கோரைப்பல்லு என் சுண்டுவிரல் நீளம், நான் ரெண்டடி பின்னாடி போயிட்டேன். பராமரிக்கிற தம்பி சொன்னாரு, பயப்படாதீங்க, ட்ரில் பல்லைக் காட்டுனா வணக்கம்னு அர்த்தம், நீங்களும் காட்டுங்க. காட்டுனேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் இளிச்சுக்கிட்டு நின்னோம். இந்த மலைக்கு மேல க்ராஸ் ரிவர் கொரில்லாவும் இருக்கு, மொத்த உலகத்துலயே முந்நூறுக்கும் குறைவு, காட்டுல வேலை பாக்குற ஆளுங்களுக்கே கூடும் சாணியும்தான் கண்ணுல படும், ஆள் தெரியாதாம். பரவால்ல, தெரியாமயே இருக்கட்டும்.

சாயங்காலம் எபாக்கென். போஜே பக்கத்துல, யானைப்புல்லு மண்டுன செங்குத்தான மேடு. ஏறுற வழியெல்லாம் புல்லு கையை அறுத்துச்சு, மூச்சு இரைக்குது, மேல வந்து உக்காந்தா ஒண்ணுமே இல்ல, புல்லு, மலை, புகை மாதிரி மூட்டம். எத்தே கடலை உரிச்சுத் தின்னுக்கிட்டு "இரு"ன்னாரு.

ஆறு மணி தாண்டுச்சு. வானத்துல மிளகு சிந்துன மாதிரி முதல்ல கொஞ்சம். திரும்பிப் பாத்தா பின்னாடி மலைக்கு மேலயும். அப்புறம் எண்ண முடியல, மேல சுத்திக்கிட்டே இருக்கு, இன்னும் இன்னும் வந்து சேருது, சத்தமில்லாம. ஐரோப்பாவுல கோடையில கூடு கட்டுற குருவிங்க குளிருக்கு சகாராவைத் தாண்டி வந்து இந்த ஒரு மேட்டுப் புல்லுல ராத்திரி தங்குது, பத்து லட்சத்துக்கும் மேலன்னு கணக்கு. வெளிச்சம் போற அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் யாரோ சாக்கு வாயை அவிழ்த்து விட்ட மாதிரி மொத்தமும் புல்லுக்குள்ள கொட்டுச்சு. காதுப்பக்கம் விர்ருனு ரெக்கைக் காத்து. ஒண்ணு என் தோள்ல இடிச்சுட்டுப் போச்சு. உள்ள போனதும்தான் சத்தம் ஆரம்பிக்குது, புல்லு முழுக்க, மழை சட்டியில விழுற மாதிரி.

முன்னாடி பனை ஈர்க்குல பசை தடவி ராத்திரி ராத்திரி ஆயிரக்கணக்குல பிடிச்சு சாப்பிட்டவங்கதான் இந்தக் கிராமத்துக்காரங்க. கூட வந்த வழிகாட்டி சின்ன வயசுல தானும் பிடிச்சிருக்கேன்னு மறைக்காம சொன்னாரு, நல்லா இருக்கும்னும் சொன்னாரு.

போட்டோ எடுத்தேன். எல்லாம் கொசு மாதிரி வந்திருக்கு, போடல.

அஞ்சாம் நாள், வியாழன்

ஒபுடு மலை. 1576 மீட்டர் உசரம். கேபிள் கார் இருக்கு, நாலு கிலோமீட்டர் நீளம், ஆனா எனக்கு 22 கொண்டை ஊசி வளைவையும் ரோட்டுல ஏறிப் பாக்கணும். கொல்லிமலை 70 வளைவு ஏறுனவன்கிட்ட 22 என்னன்னு எத்தேகிட்ட பீத்திக்கிட்டேன், பதினாலாவது வளைவுல வாந்தி எடுத்தேன்.

மேல குளிரு. நைஜீரியாவுல ஸ்வெட்டர் போட்டேன்னு சொன்னா லாகோஸ்ல எவனும் நம்ப மாட்டான். ஸ்காட்லாந்துக்காரங்க 1951ல மாட்டுப் பண்ணை வெக்க வந்த இடம், அப்புறம் ரிசார்ட் ஆச்சு, "கண்டுபிடிச்சாங்க"ன்னு எழுதிருக்காங்க, ஊட்டி கதையேதான், பெச்செவே ஜனங்க அதுக்கு முன்னாடியே மேல குடியிருந்தாங்க. மொட்டைப் புல்வெளி, ஃபுலானி மாட்டுக்காரங்க, மேகம் நமக்குக் கீழ. அழகுதான், ரொம்ப அழகு, ஆனா நேத்துப் பாத்ததுக்கு அப்புறம் கண்ணுல ஒட்டல. தேன் ரெண்டு பாட்டில் வாங்குனேன். சீக்கிரம் தூங்கிட்டேன்.

ஆறாம் நாள், வெள்ளி

விடிகாலைல கிளம்பி, ஒரு பஞ்சர், ஒரு பெல்ட் மாத்துனது, பொழுது சாய கலாபார். முதுகு போச்சு. வேற எதுவும் எழுதத் தெம்பில்ல.

ஏழாம் நாள், சனி

ஃப்ளைட் சாயங்காலம். காலைல குன்று மேல இருக்குற பழைய ரெசிடென்சி மியூசியம் போனோம். முழு மாளிகையையும் மரத்துல அறுத்து பிரிட்டன்லருந்து கப்பல்ல கொண்டுவந்து 1884ல இங்க பூட்டியிருக்காங்க, தரை இப்பவும் கிறீச்சுங்குது.

அங்கதான் எத்தே எசெரே கதையை எடுத்தாரு. கலாபார் அவரை. பாக்க சாதாரண மொச்சை மாதிரி, கொஞ்சம் பெருசு, பழுப்பு நிறம். அந்தக் காலத்துல ஒருத்தன் மேல குத்தம் சொன்னா இதை அரைச்சுக் குடிக்க வெப்பாங்க, வாந்தி எடுத்தா நிரபராதி, செத்தா குத்தவாளி. பாதிரிமாருங்க இதை எடின்பரோவுக்கு அனுப்ப, அங்க கிறிஸ்டிசன்னு ஒரு டாக்டர் 1855ல தன் மேலயே சோதிச்சுப் பாக்குறேன்னு கொஞ்சம் தின்னுட்டு, உசுரு போற மாதிரி ஆனதும் காலைல ஷேவ் பண்ண தண்ணியை எடுத்துக் குடிச்சு வாந்தி எடுத்துத் தப்பிச்சிருக்காரு. அப்புறம் இதுலருந்து எடுத்த ஃபைசோஸ்டிக்மின் கண் அழுத்த நோய்க்கு மருந்தாச்சு. அதோட அச்சுல செஞ்சதுதான் நியோஸ்டிக்மின், நம்ம ஊர் ஆஸ்பத்திரில நல்லபாம்பு கடிச்சு மூச்சுத் திணறி வர்றவங்களுக்கு விஷமுறிவோட சேர்த்துப் போடுற ஊசி. எங்க பெரிய மாமாவுக்குப் போட்டாங்க, வயக்காட்டுல கடிச்சு இமை தூக்க முடியாம கிடந்தவரு, இன்னிக்கும் டீக்கடையில அரசியல் பேசிக்கிட்டிருக்காரு. எத்தேகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்ப உங்க மாமா நிரபராதி"ன்னாரு.

மேரி ஸ்லெசர் சிலையையும் பாத்தோம், ரெண்டு கையிலயும் ரெட்டைக் குழந்தைங்க. 1876ல வந்து, ரெட்டைப் பிள்ளை பொறந்தா ஆகாதுன்னு காட்டுல போட்டதுங்களைத் தூக்கி வளர்த்த ஸ்காட்லாந்து அம்மா. ரெட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி கெகேல அந்த ரவுண்டானாவைச் சுத்திப் போனா, மடியில ரெண்டும் ஒரே சட்டையில.

வீட்டுல ம்மா பெட்டியைத் திறந்து துணியெல்லாம் ஒதுக்கிட்டு, காஞ்ச அஃபாங் இலை ஒரு பொட்டலம், கூனிப்பொடி ஒரு டப்பா, அலுமினிய டப்பாவுல எக்பாங், மவனுக்குத் தனியா ஒரு டப்பா, ரெண்டையும் மாத்திடாதேன்னு ரப்பர் பேண்டு கலர் வேற வேற. சோசொங்கோன்னு எஃபிக்ல நன்றி சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டுட்டு பேத்தி கட்டில்ல உருண்டு சிரிச்சுது.

ஏர்போர்ட்டுல ஸ்கேனர்கிட்ட நிறுத்திட்டாங்க. யூனிஃபார்ம் போட்ட அம்மா ஒருத்தங்க டப்பாவைத் திறக்கச் சொன்னாங்க, திறந்தேன், வாசனை அந்த ஹால் முழுக்க. அவங்க மூடியைக் கையில பிடிச்சுக்கிட்டே என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "இந்தியா, உன் பொண்டாட்டி கலாபாரா?"

இல்ல ம்மா, என் பொண்டாட்டி விருதுநகர்னேன்.

"அவளுக்கு இது தெரியுமா?"ன்னு கேட்டுட்டு, மூடியை அவங்களே அழுத்தி மூடி, ரப்பர் பேண்டைப் போட்டுக் குடுத்தாங்க.